ஜனாதிபதி வீட்டுப் பங்காளிகள்

மலேசியா போய் வந்தவள் என்றால் எங்கள் முசிறிப் பக்கத்தில் தைல பாட்டிலும் டார்ச் லைட்டும் எதிர்பார்ப்பார்கள். இரண்டும் வாங்கி வந்தேன், கொடுத்தும் தீர்ந்தது. ஆனால் நான் போன காரியம் வேறு. ஈப்போவில் இருக்கும் என் தம்பி ராஜுவின் மகள் செல்வி, தேவன் என்கிற பையனைக் கட்டிக்கொள்ளலாமா கூடாதா என்று சொல்வதற்காக என்னை டிக்கெட் எடுத்து வரவழைத்தார்கள். எண்பத்து நாலாம் வருஷம் அது.

ராஜு கூடப்பிறந்த தம்பி இல்லை, சித்தப்பா மகன். சித்தப்பா முத்தையன் நான் பிறப்பதற்கு முன்பே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். அதே கப்பலில் போன வீராசாமி என்பவரும் அவரும் அண்ணன் தம்பி என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். செல்வி முத்தையனின் பேத்தி, தேவன் வீராசாமியின் பேரன். அப்படிப் பார்த்தால் இரண்டும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், அண்ணன் தங்கை முறை. எங்கள் ஊரில் இப்படி ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தாலே காறித் துப்புவார்கள்.

ஆனால் என் அப்பாவோடு பிறந்தவர் முத்தையன் ஒருவர்தான். வீராசாமி என்று எங்கள் வம்சத்தில் யாரும் கிடையாது. இதைச் சொல்ல எங்கள் வீட்டில் உயிரோடு மிச்சமிருப்பவள் நான் ஒருத்தி. ராஜுவுக்குக் கடிதத்திலும் எழுதியிருந்தேன், நேரில் வந்து எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றான். விமானத்தில் ஏறும்போதே பதில் என் கையில் இருந்தது. "ரத்த சம்பந்தம் இல்லை, தாராளமாகக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு, கல்யாணச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

குனோங் ராபாட் என்பது ஈப்போவை ஒட்டிய பகுதி. வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், பின்னால் செங்குத்தாகச் சுண்ணாம்பு மலைகள். மலை என்றால் எனக்கு எங்கள் தலைமலை மாதிரி தூரத்தில் மரியாதையாக நிற்க வேண்டும். இங்கே கொல்லைக்கதவைத் திறந்தால் மூஞ்சியில் இடிக்கிறது. ராஜு வாசலில் நின்றான். பஸ் பட்டறையில் மெக்கானிக், பெண்சாதி போய்ப் பல வருஷமாகிறது. அவன் காதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அப்பாவின் காது, அதே விசிறிக் காது.

"வாங்கக்கா, வாங்க. சாப்டாச்சா?" என்றான். இந்த ஊரில் யாரும் நலமா என்று கேட்பதில்லை, சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அது பிடித்துப் போயிற்று. ஆனால் காப்பியில் டப்பா பாலை ஊற்றிப் பாயசமாக்கிக் கொடுக்கிறார்கள். "காப்பி எங்கே?" என்று கேட்டேன். செல்வி சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுநாள் காலை, தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் வாழையிலைப் பொட்டலமாக வாங்கி வந்தான் ராஜு. விடிந்ததும் விடியாததுமாகக் கருவாட்டு வாசனையோடு சோறா என்று முகம் சுளித்தேன். அடுத்த நாள் நானே கேட்டு வாங்கித் தின்றேன், அது வேறு விஷயம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. உயரமான பையன், மின்சார வேலை செய்கிறவன், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை.

"சித்தப்பா, ஊர்லேருந்து வந்தவங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாத்துட்டேல்ல, போ" என்றான் ராஜு. கடுமையாகச் சொல்ல முயன்றான், முடியவில்லை. பையன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். செல்வி அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று, வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு மறுபடி கேட்டது.

"ரெண்டும் சின்ன வயசுலேருந்து ஒண்ணா வெளயாண்டதுங்கக்கா. யாரு நெனச்சா இப்படி ஆகும்னு? அவ வேற மாப்பிள்ளை வேணாம்னுட்டா. சாகிறேன்னு சொல்லலை. அப்படிச் சொன்னா அதட்டிருப்பேன். பேசாமலே இருக்கா. அதான் பயமா இருக்கு" என்றான் ராஜு.

வீராசாமி எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்டும் விட்டேன். "லயத்துல அதெல்லாம் கேக்கக்கூடாதுக்கா" என்று எழுந்து போய்விட்டான். லயம் என்றால் தோட்டத்துக் கூலிக்காரர்கள் இருக்கும் வரிசை வீடுகள். சரி, வந்த இடத்தில் வாயை மூடு சரசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனான். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்கிறார்கள், பரீட்சைக்குப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாராம். சாமி படம் மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் பெரிய தாள் ஒன்றை ஒட்டியிருந்தார். அதில் அமெரிக்க ஜனாதிபதிகளின் தலைகள். ஒரு தலைக்கும் இன்னொரு தலைக்கும் நடுவில் சிவப்புப் பென்சில் கோடுகள். மகள் அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனதிலிருந்து இதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

"பாருங்கோ, இவர் தகப்பன், இவர் மகன். ரெண்டு பேரும் ஜனாதிபதி. இவர் பாட்டன், இது பேரன். அதுவும் ரெண்டு பேரும் ஜனாதிபதிதான். மற்றவையளுக்குள்ளயும் எத்தினையோ தூரத்துச் சொந்தம்" என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெயர்களையும் சொன்னார். ஒன்றுகூட என் வாயில் நுழையவில்லை. ஆனால் உறவைச் சொன்னால் எனக்கு மறக்காது, தலைகள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன.

பிறகு மூக்குக் கண்ணாடி போட்ட இரண்டு தலைகளைக் காட்டினார். "இந்த ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேர். ஆறு தலைமுறைக்கு மேல போனால் ஒரே பாட்டன். இளையவர் கட்டினது ஆரை எண்டு நினைக்கிறியள்? மூத்தவர்ட கூடப்பிறந்த தம்பியிட மகளை. அந்தப் பிள்ளைக்குக் கலியாணத்துக்கு முன்னமும் அதே குடும்பப் பேர்தான், பின்னமும் அதேதான்."

"அடப்பாவமே! பங்காளி வீட்டுப் பெண்ணையா?" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "ஊர் சும்மா விட்டதா?"

"ஊரே வந்து வாழ்த்தினது. பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. அப்ப பெரியப்பா ஜனாதிபதியா இருக்கிறார். அவரே வந்து கையைப் பிடிச்சுக் கொடுத்தவர்."

ராஜுவின் முகம் மலர்ந்தது. அவன் இதைக் கேட்கத்தான் என்னை இங்கே அழைத்து வந்திருக்கிறான் என்று புரிந்தது. அமெரிக்காவே கட்டும்போது நாம் கட்டினால் என்ன என்று அவன் எண்ணம். பாவம், அவனுக்கு எங்கிருந்தாவது ஒரு துணை வேண்டியிருந்தது.

நான் மாஸ்டரைக் கேட்டேன்: "இவங்கள்ல ஒருத்தர் செத்தா இன்னொருத்தர் தீட்டுக் காப்பாங்களா?"

மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இல்லைப் பிள்ளை. கனபேருக்குத் தாங்கள் சொந்தம் எண்டே தெரியாது. பிறகு ஆக்கள் ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சதுதான்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. ரத்தம் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லிப்போடுங்கோ. அதோட பிரச்சினை முடிஞ்சுது" என்றார். நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டிப் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முன்தினம், முத்தையனும் வீராசாமியும் வேலை பார்த்த பழைய தோட்டத்துக்கு, கோலா கங்சார் பக்கம், புறப்பட்டோம். தேவனின் அப்பா குப்பன் அங்கேதான் இருக்கிறார். ராஜுவின் கார் அவனைவிட வயதானது போலிருந்தது. பாதி வழியில் மூடியிலிருந்து ஆவி பறக்க நின்றுவிட்டது. மெக்கானிக் வீட்டுக் கார் நடுரோட்டில் நிற்பதை எங்கே போய்ச் சொல்ல!

சாலையோர வீட்டிலிருந்து ஒரு மலாய்க்காரர் கைலியோடு வந்து, கேட்காமலே வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ரம்புத்தான் பழம் ஒரு கொத்துப் பறித்து என் மடியில் போட்டார். என்னைக் காட்டி ராஜுவிடம் ஏதோ கேட்டார். ராஜு 'காக்கா' என்று பதில் சொன்னான். என்னையா காக்காய் என்கிறான் என்று எரிச்சலாகப் பார்த்தேன். மலாயில் அப்படியென்றால் அக்காவாம். அந்த மனிதர் எங்கள் இருவர் காதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கேட்கவே வேண்டாம், தெரிகிறதே" என்றாராம். ராஜுதான் தமிழில் சொன்னான். பெருமையாக இருந்தது.

தோட்டத்தில் பாதிக்கு மேல் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்ப் பனை வைத்துவிட்டார்கள். லயங்களில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. குப்பன் வாசலில் கைவைத்த பனியனோடு நின்றார். என்னைவிட இளையவர், ஆனால் மரம் வெட்டி வெட்டி முதுகு வளைந்து மூத்தவராகத் தெரிந்தார். ராஜு "அண்ணே" என்று குனிந்தான். அவனைத் தோளில் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார். அம்மா! அக்கா இல்லை. பங்காளி என்று சாதிக்கிறவர் என்னை அக்கா என்று அல்லவா கூப்பிட வேண்டும்? உட்காரச் சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

அவர் மனைவி அஞ்சலை அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள். "கோவிச்சுக்காதீங்க. நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சதுலேருந்து அவரு சரியாத் தூங்கலை."

அவள்தான் முழுக் கதையையும் சொன்னாள். நாகப்பட்டினத்தில் கப்பலுக்குக் காத்திருந்தபோது முத்தையனுக்குக் காய்ச்சல். கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்தவர் வீராசாமி. வேறு வேறு தோட்டத்துக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்களே என்று, ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியிடம் இருவரும் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதைக் கடைசிவரை மாற்றவே இல்லை. ஒரே லயம், ஒரே அடுப்பு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட வீராசாமியைப் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எங்கே விழுந்தார், யார் எரித்தார்கள், ஒன்றும் தெரியாது. சின்னப் பிள்ளையாக இருந்த குப்பனை முத்தையன்தான் வளர்த்தார். சாகிற நேரத்தில், சொந்த மகன் ராஜு பக்கத்திலேயே நிற்க, "மூத்தவன் நீதான்டா" என்று குப்பனிடம் கொள்ளியைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

"தல மொட்ட அடிச்சு, கொள்ளி போட்டு, கருமாதி வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பிட்டாரு. அப்படிப்பட்ட மனுசன்கிட்ட நீ பங்காளி இல்லன்னு சொன்னா எப்படிக்கா இருக்கும்?" என்றாள் அஞ்சலை. அவள் அக்கா என்றுதான் சொன்னாள்.

"உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா வேணாமா?" என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டும் வேணும். என் மவனும் வேணும், அந்தப் புள்ளையும் வேணும். அம்மா இல்லாத புள்ள, நான்தானே அவளுக்கு எண்ணெய் தேச்சு வளத்தேன். இதுக்குத் தாய் தகப்பனா மணவறையில உக்காந்து தாரை வாத்துக் குடுக்கப்போறது நாங்கதான்னு எப்பவும் பேசிக்குவோம். இப்ப என்னன்னா, அவளையே மருமவளாக்கணும்னு நிக்குது" என்று கீரைக் காம்பை நறுக்கென்று ஒடித்தாள்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவள் நான். அந்த வார்த்தை இந்த வீட்டைக் கூரையோடு பிரித்துப் போட்டுவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

மறுநாள் காலை தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். மிச்சமிருந்த குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. செல்வி தூணோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தேவன் அவளிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றான். கோயில் தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க ஊர்லேருந்து வந்தவங்க, உங்களுக்குத்தான் தெரியும். இவங்க ஒரே ரத்தமா இல்லையா? சொல்லிட்டா ஒரு முடிவுக்கு வந்துரலாம்லா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குப்பன் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது.

"சொல்லட்டும். பங்காளி இல்லேன்னு இந்தம்மா வாயால சொல்லட்டும். கல்யாணம் தாராளமா நடக்கட்டும், நான் குறுக்க நிக்கலை. ஆனா ஒண்ணு. அப்ப முத்தையன் அப்பாருக்கு நான் போட்ட கொள்ளி யாரு போட்டது? வழியில போறவனா? எங்கப்பன் எங்க செத்தான்னே தெரியாது. எனக்குன்னு இருந்த செத்தவரு இவரு ஒருத்தருதான். அவரையும் இல்லேன்னுட்டா, நான் யாரு மவன்?"

ராஜு அழுதுகொண்டிருந்தான். எனக்கு ஏனோ மாஸ்டர் வீட்டுத் தாள் ஞாபகம் வந்தது. ரத்தத்துக்கு மட்டும் கோடு போட்ட தாள். இந்த மனுஷர் மொட்டையடித்து நின்றதற்கு எந்தப் பென்சிலால் கோடு போடுவது? கூடவே அந்தப் பெரியப்பாவும் ஞாபகம் வந்தார், தம்பி மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தவர். அங்கிருந்துதான் எனக்குப் புத்தி ஓடியது.

"பங்காளிதான்" என்றேன். "ஒரே வம்சம். எனக்குத் தெரியும்."

செல்வியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன். ராஜு என்னை நம்ப முடியாமல் பார்த்தான். அவனுக்கு உண்மை தெரியும், கடிதத்தில் நானே எழுதியிருந்தேனே! நான் நிறுத்தவில்லை.

"குப்பா, நீ எனக்குத் தம்பி. ராஜுவும் தம்பி. எனக்குப் பிள்ளை இல்லை. உன் மகனை எனக்குக் கொடு. மஞ்சள் தண்ணி குடிச்சு என் பிள்ளையா எடுத்துக்கறேன். எங்க ஊர்ல முறை தப்பினா இப்படித்தான் நேர் பண்ணுவோம். என் மகன்னா அவன் செல்விக்கு அத்தை மகன். அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கொடுக்க மாட்டேன்னு எவன் சொல்வான்? பெண்ணுக்குப் பெரியப்பா நீ. நீயும் அஞ்சலையும் உட்கார்ந்து தாரை வாத்துக் கொடுங்க."

கூட்டத்தில் ஒருவர், "இதெல்லாம் கண்ணுல மண்ணத் தூவுற வேலைலா" என்று முணுமுணுத்தார். "உன் கண்ணில் மண் விழுந்தால் கழுவிக்கொள்" என்றேன். சிரிக்கத்தான் ஆளில்லை.

குப்பன் நின்றபடியே இருந்தார். பெற்ற பிள்ளையைக் கொடு என்று கேட்பது லேசான வார்த்தையா? அஞ்சலைதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் குடுக்கிறேன். பெத்தவ நான் குடுக்கிறேன்."

"என்னைக் கேக்காமயா?" என்றார் குப்பன்.

"கேட்டா நீங்க அழுவீங்க."

அவர் அப்போதே அழுதுகொண்டுதான் இருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கொள்ளி போட ஆள் வேணுமேக்கா" என்றார். அக்கா என்று அவர் என்னை முதல் தடவை கூப்பிட்டது அப்போதுதான்.

"நான் இருக்கேன்லண்ணே" என்றான் ராஜு.

தேவன் என் காலடியில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்தான். அவ்வளவு பெரிய தடியனை வேறு எப்படி மடியில் வைப்பது? அஞ்சலை கரைத்துக் கொடுத்த மஞ்சள் தண்ணீரைக் குடித்தேன். ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்காமலே அவரைத் தகப்பனாக்கிவிட்டேன். திட்டினால் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

விசா முடிவதற்குள் ஈப்போவிலேயே கோயிலில் கல்யாணம். மாஸ்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு எதிரே பெண்ணின் பக்கம் குப்பனும் அஞ்சலையும். செல்வியின் கையைத் தேவனின் கையில் வைத்து, அஞ்சலை சொம்பைச் சாய்க்க, குப்பன் தாரை வார்த்தார். தன் மகனுக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குச் செய்வது போல் மரியாதையாகச் செய்தார். சடங்கு முடியும் வரை அவன் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எடுத்தது எவ்வளவு பெரிய பொருள் என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

நான் புறப்பட்ட நாள் காலையில் குப்பன் ஒரு பை நிறையப் பம்ளிமாஸ் பழத்தோடு வந்தார். ராஜு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவர் மட்டும் வாசலில் நின்றோம். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"உங்க அப்பாரோட பொறந்தவங்க எத்தன பேரு?"

அவருக்குத் தெரியும். கங்காணியிடம் சொன்ன பொய்யை முத்தையனே அவரிடம் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் அஞ்சலைக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் பயந்து செத்திருக்கிறார்.

"மொத்தம் மூணு பேரு. எங்கப்பா மூத்தவரு. நடுவுல வீராசாமி சித்தப்பா. கடைசி முத்தையன் சித்தப்பா" என்றேன்.

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "எங்கப்பார ஊர்ல நெனச்சாங்களாக்கா?"

"நெனச்சாங்க."

ஊருக்கு வந்த பிறகு ஆடி அமாவாசை வந்தது. என் அப்பாவுக்கு ஆண் வாரிசு இல்லாததால் என் வீட்டுக்காரர்தான் வழக்கமாகக் காவிரியில் எள்ளும் தண்ணீரும் விடுவார். என் அப்பா பெயரும் முத்தையன் பெயரும் சொல்லி விட்டுவிட்டுக் கரையேறப் போனார். "நில்லுங்க, இன்னொரு பெயர் இருக்கு, வீராசாமி" என்றேன்.

"யாருடி அது?"

"என் சித்தப்பா. சயாமில் செத்துப்போனவர்" என்றேன். அவர் மறுபடி தண்ணீரில் இறங்கினார்.